மால்ட்டாத் தீவில் ஏழு நாட்கள்

மத்தியதரைக் கடலின் படத்தை மேசைமேல் விரித்து, சிசிலித் தீவின் தென்முனையிலிருந்து விரலைச் சற்றே கீழே நகர்த்தினால், அச்சுக்கூடத்து மை தெறித்து விழுந்தாற்போலச் சில புள்ளிகள் தென்படும். அவையே மால்ட்டாத் தீவுகள். மால்ட்டா, கோசோ, கொமினோ என்னும் மூன்றில் மட்டுமே மனிதர் வாழ்கின்றனர். மூன்றாவதான கொமினோவில் நிலையாகக் குடியிருப்போரைக் கைவிரல்களிலே எண்ணி முடித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் பரப்பு 316 சதுர கிலோமீற்றரே. அஃதாவது எமது யாழ்ப்பாண மாவட்டத்தின் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. அச்சிறு நிலத்திலே ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்கின்றனர்.

இத்துணைச் சிறிய தீவை அடைவதற்குப் பினீசியர், கார்த்தேசியர், உரோமர், அராபியர், நோர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை இனத்தார் ஏன் போட்டியிட்டனர் என்னும் ஐயம் எழுவது இயல்பு. தலைநகராகிய வலெட்டாவின் மதில்மேல் ஏறி நின்று கீழே நோக்கியபோது எமது ஐயம் நீங்கிற்று. மலைபோன்ற கற்சுவர்களுக்கு நடுவே, நிலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்து, விரல் விரலாகப் பிரிந்து கிடக்கின்றது ஆழமான ஒரு துறைமுகம். திருகோணமலையைக் கண்டவர்களுக்கு அதன் பெருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நல்ல துறைமுகம் வாய்க்கப்பெற்ற நாட்டை அயலார் சும்மா விட்டு வைப்பதில்லை.

மால்ட்டாவுக்குச் செல்ல விரும்புவோர் அறியவேண்டிய சில செய்திகளை முதலிலேயே கூறிவிடுகின்றோம். கொழும்பிலிருந்து நேரே செல்லும் விமானம் இல்லை. வழியில் ஒரு நகரில் இறங்கி வேறு விமானம் ஏறவேண்டும். மால்ட்டா 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007இன் இறுதியில் ஷெங்கன் நாடுகளின் வரிசையிலும் இடம்பெற்றது. ஆகையால் இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் ஷெங்கன் விசா பெற்றே செல்லவேண்டும். அதற்கு நாட்கள் பல கழியுமாதலால், பயணத்திற்குச் சில மாதங்கள் முன்னரே முயலுதல் நன்று. பிரான்சிலும் ஜேர்மனியிலும் உறவினரைக் காணச் செல்வோர், அதே விசாவின் காலம் முடியுமுன் மால்ட்டாவையும் பார்த்து வரலாம்.  வழங்கும் பணம் யூரோ. ஆங்கிலம் அரசமொழிகளுள் ஒன்றாதலின் பேச்சுக்கு இடரில்லை. வாகனங்கள் எம் நாட்டைப் போலவே வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. மின்செருகியும் சதுரமுனை மூன்றுடைய பிரித்தானிய முறையினதே.

ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே செல்லாதிருத்தல் நன்று. நாம் வெயிலுக்குப் பழகியவர்கள்தாமே என்று சிலர் எண்ணக்கூடும். எம்மூர் வெயிலுக்கு வேம்பும் பூவரசும் குடை பிடிக்கின்றன. அங்கோ மரம் அரிது. வெண்மஞ்சட் கற்களில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணையே கூசச் செய்துவிடும். ஏப்ரல் தொடக்கம் ஜூன் நடுப்பகுதிவரையும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களும் தக்க காலம். நாம் சென்றது ஏப்ரலில். அப்பொழுது வயலோரங்களில் செந்நிறப் பூக்கள் மலிந்திருந்தன. மாலையில் மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று போதுமானதாயிருந்தது.

வலெட்டா நகரைச் சுற்றிப் பார்ப்பதற்குக் கால்களே சிறந்த வாகனம். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமே உடைய அந்நகரில், வீதிகள் சதுரங்கப் பலகையின் கோடுகள் போல நேர்நேராக வகுக்கப்பட்டுள்ளன. மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரியும் வீதிகள் பல படிக்கட்டுகளாகவே அமைந்திருக்கின்றன. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1811இல் இத்தீவை விட்டுப் பிரிந்தபோது, விடைபெறும் பாட்டிலேயே இப்படிகளை வைதிருக்கின்றார். அவருக்குக் கால் ஊனம். முழங்கால் நோவுள்ள முதியோரை அழைத்துச் செல்வோர், துறைமுகத்திலிருந்து மேற்பரக்கா பூங்காவுக்கு ஏற்றிச்செல்லும் மின்தூக்கியைப் பயன்படுத்தலாம். அப்பூங்காவின் கீழுள்ள பீரங்கிமேடையில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வெடி தீர்ப்பார்கள். சிறுவர்களை உடன் அழைத்துச் செல்வோர் அதைத் தவறவிடலாகாது.

இந்நகர் பிறந்த கதை சுவையானது. எருசலேமில் நோயாளரைப் பேணுதற்கெனத் தொடங்கிய புனித யோவான் சபையினர், பின்னர் வாளேந்திய வீரர்களாக மாறி, ரோட்ஸ் தீவைத் துருக்கியரிடம் இழந்து அலைந்தனர். 1530இல் ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசன் மால்ட்டாவை அவர்களுக்கு அளித்தான். அதற்கு அவன் விதித்த திறை ஆண்டுக்கு ஒரு வல்லூறு மட்டுமே! 1565ஆம் ஆண்டு மே மாதத்தில் துருக்கியரின் பெரும்படை வந்து தீவை முற்றுகையிட்டது. சிறிய எல்மோக் கோட்டை ஒரு மாதத்துக்கு அண்மையாகத் தாக்குப்பிடித்து, ஜூன் 23ஆம் நாள் வீழ்ந்தது. துறைமுகத்தின் மறுகரையிலிருந்த பிர்கு என்னும் ஊரோ செப்டெம்பர்வரை வீழவில்லை. துருக்கியர் திரும்பிச் சென்ற பின், அடுத்த ஆண்டு 1566 மார்ச் 28இல், சபைத் தலைவர் லா வலெட் புதிய கோட்டைநகருக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரே நகருக்கும் ஆயிற்று. பிர்குவுக்குச் செல்ல விரும்புவோர் பஸ்ஸை விடுத்து, துறையில் காத்திருக்கும் சிறு வள்ளத்தில் ஏறிச் செல்வார்களாக. முற்றுகையின் வரலாறு முழுவதும் அந்தச் சில நிமிடப் பயணத்திலேயே கண்முன் விரியும்.

வலெட்டாவில் ஒன்றை மட்டுமே காண நேரமுண்டு என்போருக்குப் புனித யோவான் இணைப்பேராலயத்தையே நாம் சுட்டுவோம். 1573 முதல் 1578 வரை ஜிரொலாமோ கஸார் என்னும் சிற்பி கட்டியது. வெளித்தோற்றம் ஒரு பண்டகசாலை போல அடக்கமாக இருக்கும். உள்ளே காலடி வைத்ததும் பேச்சு நின்றுவிடும். மேற்கூரை முழுதும் மத்தியா பிரெட்டியின் ஓவியம், சுவரெல்லாம் பொற்பூச்சு, தரையோ ஏறத்தாழ நானூறு வீரர்களின் கல்லறைப் பலகைகள். பலநிறச் சலவைக்கற்களை இழைத்து, எலும்புக்கூடும் மணற்கடிகையும் வாளும் வரைந்திருக்கின்றனர். அத்தரையைக் காக்கும்பொருட்டு, கூர்மையான குதியுடைய சப்பாத்து அணிந்த மாதரை உள்ளே விடுவதில்லை. தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்திச் செல்லுதலும் முறை.

அங்கே ஒரு பக்கக்கூடத்தில், இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் தீட்டிய ‘திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம்’ இருக்கின்றது. சுவரையே மறைக்கும் பெரிய படம். அதிற் பாதி வெறும் இருள். வெட்டப்பட்ட கழுத்திலிருந்து வழியும் குருதியிலேயே ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கின்றார். அவர் கையொப்பமிட்ட படம் இதுவொன்றே என்பர். உரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர் அவர். இங்கே வீரர் சபையிற் சேர்க்கப்பட்டு, சில மாதங்களிலேயே மீண்டும் ஒரு சண்டையிற் சிக்கிச் சிறைப்பட்டு, சிறையிலிருந்தும் தப்பியோடினார். 1608 டிசெம்பரில் அவரைச் சபையிலிருந்து விலக்கிய தீர்ப்பு இதே கூடத்தில், இதே படத்தின் முன்னே படிக்கப்பட்டதாம். படத்திலே, சிறைக் கம்பிகளுக்கு அப்பாலிருந்து இருவர் எட்டிப் பார்க்கின்றனர். நாமும் அவர்களோடு மூன்றாமவராய் நின்று நெடுநேரம் பார்த்தோம்.

தீவின் நடுவேயுள்ள மொஸ்டா என்னும் ஊருக்கு மாணவர்கள் கட்டாயம் செல்லவேண்டும். அங்கே பெரிய கும்மட்டமுடைய தேவாலயம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மாலையில், உள்ளே மக்கள் வழிபாட்டுக்காகக் கூடியிருந்த வேளை, வானிலிருந்து விழுந்த குண்டு ஒன்று கும்மட்டத்தைத் துளைத்துக்கொண்டு அவர்கள் நடுவே உருண்டது. அது வெடிக்கவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. அத்தகைய குண்டு ஒன்றின் மாதிரியை இன்றும் அங்கே வைத்திருக்கின்றனர். தேதியைப் படித்ததும் எமக்கு வியப்பு உண்டாயிற்று. அதே 1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலையிலேதான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ‘ஹேர்மஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றே. ஒரே பேரரசின் இரு துறைமுகங்கள், ஒரே நாளில்! அதே மாதம் 15ஆம் நாள் பிரித்தானிய மன்னர் ஜோர்ஜ் சிலுவை விருதைத் தனியொருவருக்கு அன்றித் தீவு முழுவதற்குமே வழங்கினார். அவ்விருதின் உருவம் இன்றும் மால்ட்டாக் கொடியின் மூலையில் உண்டு. நாடு 1964இல் விடுதலை பெற்றது, 1974இல் குடியரசாயிற்று, கடைசிப் பிரித்தானியப் படை 1979 மார்ச் 31இல் வெளியேறியது.

மால்ட்டாவின் மொழி அறிஞர்களுக்கு ஒரு விருந்து. அது அராபிய மொழியின் கிளை. ஆயினும் எழுதுவது உரோம எழுத்தில். சொற்களிலே பாதியளவு சிசிலியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவை. ‘மெர்ஹபா’ என்று வரவேற்பார்கள். ‘கிராட்சி’ என்று நன்றி கூறுவார்கள். முந்தியது அராபியம், பிந்தியது இத்தாலியம். மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எனினும் கடவுளை அவர்கள் அழைப்பது ‘அல்லா’ என்றே. தவக்காலத்தின் பெயர் ‘ரண்டான்’, ரமழானின் உறவுச்சொல். சமயம் மாறலாம்; மொழி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை போலும்.

பழைய தலைநகரான இம்டீனா, மதில் சூழ்ந்த ஒரு மேட்டூர். முந்நூறு பேர்கூட அங்கே வாழவில்லை. வெளியார் வாகனங்களுக்கு இடமின்மையால் ‘மௌன நகர்’ என்று பெயர் பெற்றது. ஆயினும் பகற்பொழுதில் உல்லாசப் பயணிகளின் இரைச்சலில் அம்மௌனத்தை நாம் காணவில்லை. மாலை விளக்கேற்றிய பின் செல்லுங்கள். பெயரின் பொருள் விளங்கும்.

இனி, மால்ட்டாவின் உண்மையான அதிசயத்துக்கு வருவோம். எகிப்தியப் பிரமிட்டுகள் எழுவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னரே, உலோகக் கருவி அறியாத மக்கள் இத்தீவுகளிலே பெருங்கற் கோயில்களை எழுப்பினர். கோசோவிலுள்ள ஜிகன்டீயாக் கோயில் கி.மு. 3600 அளவிலே தொடங்கியது. இராட்சதப் பெண் ஒருத்தி கற்களைத் தலையிலே சுமந்து வந்து கட்டினாள் என்று ஊரார் கதை சொல்வர். கற்களின் பருமனைக் கண்டால் கதையை மறுக்க மனம் வராது. பெரிய தீவின் தென்கரையிலே, கடலை நோக்கிய சரிவில் ஹஜார் ஈம், இம்நைட்ரா என்னும் இரு கோயில்கள் அருகருகே உள. இம்நைட்ராவில், பகலும் இரவும் ஒத்திருக்கும் இரு நாட்களில், உதயசூரியனின் கதிர் தலைவாயில் வழியே நேரே உட்புகுமாறு அமைத்திருக்கின்றனர். மழையும் உப்புக்காற்றும் கல்லை அரிப்பதால், இப்பொழுது அவற்றின்மேல் பெரிய கூடாரங்கள் அமைத்துக் காக்கின்றனர். காட்சிக்குச் சற்று இடையூறுதான். ஆனால் கோயில் இல்லாமற் போவதிலும் கூடாரம் மேலானது.

இவற்றினும் வியப்புக்குரியது ‘ஹைப்போஜியம்’ என்னும் நிலத்தடிக் குடைவு. 1902இல் வீடு கட்டும் தொழிலாளர் நீர்த்தொட்டிக்காகத் தோண்டியபோது அகப்பட்டது. மூன்று அடுக்குகளாகப் பாறையைக் குடைந்து, மேலே கட்டிய கோயிலின் தூண்களையும் நிலைகளையும் அப்படியே கீழே செதுக்கியிருக்கின்றனர். ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே இருந்தன என்று கணித்துள்ளனர். ஒரு சிற்றறையில் ஆண்குரலில் தாழ்ந்து பேசினால், ஒலி எல்லாக் குகைகளிலும் முழங்கும். எமது மூச்சுக்காற்றே சுவரிலுள்ள செந்நிறக் கோலங்களைக் கெடுக்குமாதலின், ஒரு மணி நேரத்தில் பத்துப் பேருக்கே அனுமதி. ஆகவே அனுமதிச்சீட்டைப் பல வாரங்கள் முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். விமானச்சீட்டு வாங்கும் நாளிலேயே இதையும் வாங்குவது புத்தி. அங்கே கிடைத்த ‘உறங்கும் பெண்’ என்னும் கைக்கடக்கமான மண்பாவை, வலெட்டாவின் தொல்பொருட் காட்சிச்சாலையில் ஒரு தனியறையிலே உறங்குகின்றது.

கோசோவுக்குச் செல்வோர் சிர்கெவ்வாத் துறையில் கப்பலேறினால் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் இம்ஜார் துறையை அடையலாம். போகும்போது கட்டணம் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதே வாங்குவர். திரும்பி வராமல் ஒருவரும் இருந்துவிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்! பழைய வழிகாட்டி நூல்களில் ‘நீலச் சாளரம்’ என்னும் கடற்பாறை வளைவின் படத்தைக் கண்டு எவரும் அதைத் தேடி அலையவேண்டாம். 2017 மார்ச் 8ஆம் நாள் புயலில் அது இடிந்து கடலுள் விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக, வடகரையிலே பாறையில் வெட்டிய உப்பளங்களைப் பாருங்கள். கட்டங் கட்டமாக நீர் நிறைந்து வானத்தைக் காட்டுகின்றன. கோடையிலே குடும்பத்தவர் கூடி இன்றும் கையாலேயே உப்பைக் கூட்டி அள்ளுகின்றனர். ஆனையிறவைத் தாண்டிச் சென்றவர்களுக்கு அவ்விடத்துக் காற்றின் மணம் புதிதாகத் தோன்றாது.

யாழ்ப்பாணத்தவர் மால்ட்டாவில் அந்நியமாக உணரமாட்டார் என்பது எமது எண்ணம். காரணம் கல்லும் தண்ணீரும். இரண்டு நிலமும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லையே அடித்தளமாகக் கொண்டவை. மால்ட்டாவிலும் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் பாறையினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். வலெட்டாவைக் கட்டியபோது ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மழைநீர்த் தொட்டி அமைத்தல் வேண்டுமென்று சட்டமிட்டனர். 1615இல் மேட்டிலிருந்து நகருக்கு நீர் கொணரும் கல்வாய்க்காலும் முடிந்தது. இன்றோ குடிநீரிற் பாதிக்கு மேல் கடல்நீரை உப்பகற்றியே பெறுகின்றனர். வயல்களுக்கு நடுவே சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகளைப் பார்த்தபோது, நெடுந்தீவின் நினைவு எமக்கு வந்தது. வீட்டுச் சுவர்களின் கல் தேன்நிறம். வெட்டும்போது மரம்போல வாளால் அறுக்கலாம். காற்றுப் பட்டபின் இறுகிவிடும். அச்சுவர்களில் பச்சையும் சிவப்புமாய்த் தொங்கும் மூடிய மரமாடங்கள் மிக அழகு.

உணவைப் பற்றிக் கேட்கும் தாய்மார்க்கு ஒரு சொல். ‘பஸ்டிட்சி’ என்னும் பலகாரம் தெருவுக்குத் தெரு விற்கும். இதழ் இதழான மாவினுள் பாற்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுட்டது. விலையும் மலிவு, பசியும் அடங்கும். மரக்கறி உண்போர், மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குக. பழைய முறையில் அதைச் சேர்ப்பதுண்டு. போஞ்சியினத்து விதையை மசித்துப் பூண்டு சேர்த்த ‘பிகில்லா’வைப் பாணோடு உண்ணலாம். முயற்கறி அவர்களுடைய விருந்துணவு. மீன் விரும்புவோர் ஞாயிறு காலையில் மார்சஷ்லொக் சந்தைக்குச் செல்லவேண்டும். நீலம், மஞ்சள், சிவப்புப் பூசிய வள்ளங்கள் அங்கே வரிசையாக மிதக்கும். ஒவ்வொன்றின் முன்னணியத்திலும் இரு கண்கள் தீட்டியிருக்கும். கடலிலே தீங்கு அணுகாமற் பார்த்துக்கொள்ளுமாம் அக்கண்கள்.

நாட்கள் மிஞ்சியிருப்பின் வலெட்டாத் துறையிலிருந்து விரைவுக்கப்பலில் சிசிலிக்கும் போய்வரலாம். இரண்டு மணிக்கும் குறைந்த நேரத்தில் பொட்சாலோ என்னும் ஊரை அடைந்துவிடும். கடல் அமைதியாக இருந்தால் குழந்தைகளும் மகிழ்வர். ஆயினும் தமிழர் அக்கடலைக் கடக்கும்போது ஒரு செய்தியை அறிந்திருத்தல் வேண்டும்.

1996ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, மால்ட்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பல் ஒன்றிலிருந்து ஒரு சிறு மரப்படகுக்கு நூற்றுக்கணக்கானோரைக் கொந்தளிக்கும் கடலில் மாற்றி ஏற்றினர். கள்ளத்தனமாக இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் அவர்கள். படகு கப்பலோடு மோதி மூழ்கியது. குறைந்தது 283 பேர் இறந்தனர். இலங்கைத் தமிழரும் இந்தியரும் பாகிஸ்தானியரும். தப்பிக் கிரேக்க நாட்டிற் கரையேறியவர்கள் நடந்ததைக் கூறியபோது, ஐரோப்பிய அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலியின் மீனவர் வலைகளிலே உடல்கள் அகப்பட்டன. தொழிலுக்குத் தொல்லை வருமென்று அஞ்சி அவற்றை மீண்டும் கடலிலேயே விட்டனர். ஐந்தாண்டுகள் இப்படியே கழிந்தன. பின்னர் ஒரு மீனவர் மனம் பொறாது வாய் திறந்தார். அவரிடம் இருந்த சான்று, ஈழத்து இளைஞன் ஒருவனின் அடையாள அட்டை. 2001இல் ‘லா ரெப்புப்ளிக்கா’ என்னும் இத்தாலியச் செய்தித்தாள், கடலடிக் கருவியை இறக்கி, நூறு மீற்றருக்கும் கீழே கிடந்த அப்படகைப் படமெடுத்து வெளியிட்ட பிறகே உலகம் நம்பிற்று.

நாம் சென்ற காலையிலே கடல் கண்ணாடி போலக் கிடந்தது. கப்பலில் பள்ளி மாணவர் கூட்டமொன்று பாடிக்கொண்டிருந்தது. மேற்றட்டுக்கு ஏறிக் கிழக்கு முகமாகச் சிறிது நேரம் நின்றோம். உடன் வந்த எமது தமக்கையார், வலெட்டாச் சந்தையிலே காலையில் வாங்கியிருந்த பூக்களிற் பாதியை எடுத்துக் கடலில் விட்டார். யாருக்கு என்று அருகில் நின்ற மால்ட்டா மூதாட்டி கேட்டார். சொன்னோம். அவர் சிலுவை அடையாளம் இட்டு, தம் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அதில் ‘அல்லா’ என்ற ஒரு சொல் மட்டும் எமக்கு விளங்கிற்று.